கிரானைட் பவுடர் + ஸ்லாக் கலவை மிக்சரிலேயே இறுகிவிடுகிறது, ஆனால் 28 நாளில் பலம் வரவில்லை. ஏன்?

மேலூர்_பிளாக்

எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் சின்ன அளவில் பேவர் பிளாக் யூனிட் நடத்துகிறேன். சுற்றியுள்ள கல் அறுக்கும் பட்டறைகளில் கிரானைட் சேறு குவிந்து கிடக்கிறது. அள்ளிக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். அதைக் காயவைத்துச் சலித்து, ஜிஜிபிஎஸ் ஸ்லாக்கோடு (இரும்பு ஊது உலைக் கசடை அரைத்த தூள்) பாதிக்குப் பாதி கலந்து, காஸ்டிக் சோடாக் கரைசலும் சோடியம் சிலிக்கேட் திரவமும் ஊற்றி, சிமெண்டே இல்லாமல் பிளாக் போட்டுப் பார்க்கிறேன். நடப்பது இதுதான்.

கலவை பத்து நிமிடத்துக்குள் மிக்சரிலேயே கட்டிதட்டிவிடுகிறது. மோல்டில் அள்ளிப் போடவே நேரமில்லை. அடித்துப் பிடித்துப் போட்டவை மறுநாள் தட்டினால் கணீரென்று இருக்கின்றன. ஆனால் 28 நாள் ஆன சோதனைக் க்யூபை உடைத்தால் எம்30-க்குக் (சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் பலம்) கீழேதான் நிற்கிறது. மேல்பரப்பில் முடி அளவு விரிசல் வேறு.

இன்னொரு புதிரும் உண்டு. வேறொரு பட்டறையின் பவுடரைப் போட்டால், அதே அளவுகளில், அரை மணிக்கு மேல் தாங்குகிறது. ஸ்லாக் இல்லாமல் கல் பவுடரும் காஸ்டிக்கும் மட்டும் கலந்து வைத்தது இன்னும் ஈரக் களிமண்ணாகவே கிடக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கொத்தனார்

தம்பி, சிமெண்ட் கம்பெனிக்காரன் மடையனா? கல் பொடியில் வீடு கட்டலாம் என்றால் அவன் முதலில் செய்திருப்பான். நம்ம ஊரில் க்ரஷர் டஸ்டை மணலுக்குப் பதிலாகப் போடுகிறோம், சரி. சிமெண்டுக்குப் பதிலாகப் போட்டால் அது பிளாக் இல்லை, பொம்மை.

க்யூப்_உடைப்பவள்

கொத்தனார் அண்ணே, கல் பொடி பற்றிப் பாதி உண்மை சொல்லிவிட்டீர்கள். ஸ்லாக் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மதுரையில் ஒரு டெஸ்டிங் லேபில் வேலை பார்க்கிறேன், இந்த வகைக் க்யூப்கள் அவ்வப்போது வருகின்றன.

மேலூர் அண்ணன் ஒரே கேள்வியாகக் கேட்பது உண்மையில் இரண்டு. சீக்கிரம் இறுகுவது வேறு, பலம் சேர்வது வேறு. சாதாரண சிமெண்டில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே போகும். அங்கேயும் சீக்கிரம் இறுகவைக்கும் அலுமினேட்டைக் கட்டிப்போடத்தான் ஆலையில் ஜிப்சம் அரைத்துச் சேர்க்கிறார்கள். அந்தக் கடிவாளம் காஸ்டிக் போட்ட இந்தக் காரக் கலவையில் கிடையாது. சிலிக்கேட் ஊற்றிய உடனே, கரைசலில் எங்காவது கால்சியம் கிடைத்தால் போதும், இரண்டும் சேர்ந்து ஜெல் ஆகிவிடும். இறுகும் நேரம் அளக்கும் விக்காட் ஊசி இறங்காது, கை வைத்தால் கெட்டி. உள்ளே ஸ்லாக் துகள்கள் பெரும்பாலும் கரையாமலே இருக்கும். பலம் தருவது அந்தத் துகள்கள் கரைந்து, கால்சியம் அலுமினோ சிலிக்கேட் ஹைட்ரேட்டாக இடைவெளிகளை நிரப்புவது. அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும்.

முதல் ஜெல் அவசரமாக வந்தால் இரண்டு நஷ்டம். சரியாக வைப்ரேட் ஆகாமல் காற்றுப் பொந்துகள் தங்கும், துகள்களின் மேலே படலம் படிந்து அடுத்த வேலையும் மந்தமாகும். உங்கள் பிளாக் கணீரென்று ஒலித்தும் 28 நாளில் ஏமாற்றியது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம்: கட்டிதட்டும்போது மேற்கொண்டு தண்ணீர் ஊற்றினீர்களா? நைஸ் பவுடர் அதிகமான கலவை தண்ணீர் கேட்கும். பையன்கள் மக்கால் ஊற்றிவிடுவார்கள்.

சிவில்_மூன்றாமாண்டு

அக்கா, ஒரு சந்தேகம். எங்கள் மினி ப்ராஜெக்டுக்காக கிரானைட் பவுடரின் ரசாயன அறிக்கை பார்த்தோம். 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, 14 வாக்கில் அலுமினா. ஃப்ளை ஆஷுக்கும் (அனல்மின் நிலையச் சாம்பல்) இதுதானே வேண்டும்? அப்படியானால் கல் பவுடரும் வினைபுரிய வேண்டுமே. பாறையிலிருந்து காரச் சிமெண்ட் செய்ததாகப் பேப்பர்கள் இருக்கின்றன.

க்யூப்_உடைப்பவள்

இருக்கின்றன தம்பி. எந்தப் பாறை, என்ன செய்தார்கள் என்று பார். ரசாயன அறிக்கை எவ்வளவு சிலிக்கா என்று சொல்லும், எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. கற்கண்டும் கமர்கட்டும் இரண்டும் இனிப்புதான். ஒன்று படிகம், மற்றது ஒழுங்கில்லாத கண்ணாடி நிலை. ஊது உலையிலிருந்து சுமார் 1500 டிகிரியில் ஓடிவரும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்விப்பதால் அது படிகமாக நேரமின்றிக் கண்ணாடியாக உறைகிறது. ஜிஜிபிஎஸ்ஸுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 16714 கண்ணாடி அளவு குறைந்தது 85 சதவீதம் கேட்பதும் இதற்குத்தான். காரம் அந்தக் கண்ணாடியை எளிதில் பிரிக்கும்.

மேலூர்ப் பக்கம் வெட்டுவது பூமிக்கடியில் மெதுவாக ஆறி, உருமாறி வந்த பழைய கல். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், சில இடங்களில் சிவப்புக் கார்னெட். எல்லாம் நன்றாக அடுக்கிய படிகங்கள். சாதாரண வெயிலில் 8 மோலார் செறிவுள்ள காஸ்டிக் ஊற்றினாலும் மேல்தோல் கொஞ்சம் அரிபடும், அவ்வளவுதான். ஈரக் களிமண்ணாகக் கிடக்கிறது என்று அண்ணன் சொன்னாரே, அதுதான்.

பேப்பர்களில் வருவது பெரும்பாலும் எரிமலைச் சாம்பல், டஃப், பியூமிஸ் போன்ற எரிமலைக் கற்கள். அவற்றில் கண்ணாடிப் பகுதி உண்டு. ஃபெல்ட்ஸ்பாரை வைத்துச் செய்தவர்கள் காரத்தோடு சேர்த்து ஆயிரம் டிகிரி வாக்கில் சுட்டோ, மில்லில் மணிக்கணக்காக அரைத்துப் படிகத்தைக் குலைத்தோதான் செய்கிறார்கள். அதற்கான கரண்ட் பில்லைப் பேப்பரில் போட மாட்டார்கள்.

சிவில்_மூன்றாமாண்டு

அப்படியானால் கல் பவுடர் வெறும் நிரப்பிதானா?

க்யூப்_உடைப்பவள்

'வெறும்' என்று சொல்ல மாட்டேன். நைஸ் துகள் சந்துகளை அடைக்கும், ஜெல் உட்காரப் பரப்பு கொடுக்கும், ஸ்லாக் மட்டும் போட்டால் வரும் சுருக்கத்தைக் குறைக்கும். ஃபெல்ட்ஸ்பாரின் மேல்தோலும் ஜெல்லோடு கொஞ்சம் ஒட்டும். ஆனால் எலும்பு ஸ்லாக்தான். பாதிக்குப் பாதி எனக்கு அதிகமாகப் படுகிறது. 30 சதவீதக் கல்லில் தொடங்கி மேலே போகலாம்.

வைகை_வேதியியல்

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். ஸ்லாக், சிலிக்கேட் பற்றி எல்லாம் பேசியாயிற்று. அந்த இரண்டு பட்டறைப் புதிரை யாரும் தொடவில்லை. ஒரே ஸ்லாக், ஒரே காரம், பவுடர் மட்டும் மாறினால் நேரம் மும்மடங்கு மாறுகிறது. கல் வினையே புரியாது என்றால் பவுடர் மாறுவதால் எதற்கு நேரம் மாற வேண்டும்?

மேலூர்த் தம்பி, அந்த இரண்டு இடத்திலும் என்ன மிஷினில் கல் அறுக்கிறார்கள்?

மேலூர்_பிளாக்

சார், விசாரித்தேன். சீக்கிரம் கட்டியாகும் பவுடர் வருவது பழைய கேங் சா போட்ட இடம். வரிசையாகப் பட்டைகள் முன்னும் பின்னும் ஓடும், மேலே இரும்பு மணி கலந்த சேறு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்றில் டைமண்ட் வயர் மிஷின், வெறும் தண்ணீர்தான்.

வைகை_வேதியியல்

அகப்பட்டது. அந்தக் கேங் சா சேற்றில் இரும்பு மணி மட்டும் இருக்காது, சுண்ணாம்பும் கலப்பார்கள். சேறு கெட்டியாக நின்று இரும்பு மணிகளைத் தாங்க வேண்டும், பட்டையும் மணியும் துருப்பிடிக்கக் கூடாது, அதற்காக. டைமண்ட் வயருக்கு இது தேவையில்லை.

ஆக, நீங்கள் கல் பவுடர் என்று போட்டது கல்லும் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. ஸ்லாக்கிலிருந்து கால்சியம் வெளியே வரக் கண்ணாடி உடைய வேண்டும், நேரம் பிடிக்கும். சுண்ணாம்பு தயாராக நிற்கிறது. சிலிக்கேட் உள்ளே விழுந்ததும் அதைப் பிடித்துக் கால்சியம் சிலிக்கேட் ஜெல்லாக்கிவிடும். மிக்சரில் கட்டிதட்டுவது அதுதான்.

சோதனை சுலபம். பவுடரை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, பள்ளிக்கூட லேபில் இருக்கும் ஃபினால்ஃப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல இளஞ்சிவப்பு வந்தால் சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறது. நிறம் வராமல், நீர்த்த அமிலம் விட்டால் மட்டும் நுரைக்கிறது என்றால் அது காற்றுப் பட்டு கார்பனேட்டாகிவிட்டது, பெரிதாகத் தொந்தரவு செய்யாது. குவியலின் மேல்பக்கம் ஒரு விதமாகவும் உள்பக்கம் வேறு விதமாகவும் இருக்க வாய்ப்புண்டு, இரண்டிலும் எடுங்கள். ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள். இரும்பு மணி தங்கினால் பிளாக்கில் துருக்கறை வரும்.

பழைய_கொத்தனார்

சுண்ணாம்பு நல்லதுதானே சார்? நாயக்கர் மகால் 1636-ல் கட்டியது. சுண்ணாம்புச் சுதை இன்னும் பளபளவென்று நிற்கிறது.

வைகை_வேதியியல்

நிற்கிறது கொத்தனாரே. அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகிறது, அவசரமே கிடையாது. இங்கே அது சிலிக்கேட்டோடு சண்டைக்கு நிற்கிறது. ஆள் ஒன்றுதான், சேர்க்கை வேறு.

கப்பலூர்_யூனிட்

இரண்டு வருடமாக ஸ்லாக்கும் தூத்துக்குடி ஃப்ளை ஆஷும் கலந்து ஹாலோ பிளாக் போடுகிறேன். சார் சொன்னது புத்தகத்தில் இருக்கும், நான் தளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெயில். விக்காட் சோதனைக்கு லேபில் 27 டிகிரி வைப்பார்கள். சித்திரையில் நம் ஷெட் தகரத்தின் கீழே 40-ஐத் தொடும். லேப் ரிப்போர்ட்டில் முப்பது நிமிடம் என்றிருப்பது இங்கே பாதியாகிவிடும். நான் விடியற்காலையில்தான் கலக்குகிறேன். காஸ்டிக் கரைசலை முதல்நாளே கரைத்து ஆறவைத்துவிடுவேன். கரைத்த சூட்டோடு ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் சிமெண்டுக்கான பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்குவது), ரிடார்டர் (இறுகுவதைத் தள்ளிப்போடுவது) எதையும் நம்பாதீர்கள். பாலிகார்பாக்சிலேட் வகைப் பிளாஸ்டிசைசர் இந்தக் காரத்தில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. சர்க்கரை போட்டால் சிமெண்ட் தள்ளிப்போகும், இங்கே நம்ப முடியாது. போராக்ஸ் கொஞ்சம் தள்ளும், பலத்தைத் தின்றுவிடும்.

உண்மையிலேயே உதவியது ஒன்றுதான்: கட்டிதட்டியதும் மிக்சரை நிறுத்தாமல் இன்னும் சில நிமிடம் ஓட்டுவது. முதல் ஜெல் உடைந்து கலவை மறுபடி இளகுகிறது, பிறகு வழக்கம்போல் போடலாம். பையன்கள் பயந்து மிக்சரை அணைத்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் பிழைப்பைக் கெடுப்பது. ஆனால் நிஜமாகவே இறுகிய பிறகு உடைத்துக் கலக்கினால் செத்த கலவைதான்.

இன்னொன்று. ஸ்லாக் வாங்கும்போது பில்லைப் பாருங்கள். ஊது உலையில் வந்து தண்ணீரில் குளிர்வித்த ஸ்லாக் வேறு, பட்டறைகளில் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் வரும் ஸ்லாக் வேறு. இரண்டாவது மெதுவாக ஆறிய படிகம், வினையே வராது. உருக்கு ஆலை ஸ்லாக்கில் தனிச் சுண்ணாம்பு இருந்தால் பின்னால் வீங்கி வெடிக்கும். எல்லாவற்றையும் 'ஸ்லாக்' என்றே விற்கிறார்கள்.

மேலூர்_பிளாக்

ஃபினால்ஃப்தலீன் பார்த்தேன். கேங் சா குவியலின் உள்பக்கம் பளீரென்று இளஞ்சிவப்பு, மேல்தோல் லேசாக. வயர் மிஷின் பவுடரில் ஒன்றுமில்லை. காந்தத்தில் கறுப்பு மணிகள் அப்பிக்கொண்டு வந்தன.

கேங் சா சேறுதான் எனக்கு லாரி வாடகையில்லாமல் கிடைப்பது. அதைத் தள்ளிவிடாமல் வழி உண்டா?

வைகை_வேதியியல்

உண்டு. சிலிக்கேட்டை விடுங்கள், சோடா சாம்பலுக்கு வாருங்கள். கடையில் வாஷிங் சோடா என்று விற்பதன் நீரற்ற வடிவம். தூத்துக்குடியிலேயே தயாராகிறது. சோடியம் கார்பனேட் தனியாக ஸ்லாக்கோடு சேர்ந்தால் மகா சோம்பல். நாள்கணக்கில் இறுகாது, ஏனெனில் ஸ்லாக் விடும் கால்சியத்தைக் கார்பனேட் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே சுண்ணாம்பு இருந்தால் கதை மாறும். சுண்ணாம்பும் சோடா சாம்பலும் தண்ணீரில் சந்தித்தால் சுண்ணாம்புக்கல் தூளாக வீழ்படிவாகும், காஸ்டிக் சோடா உள்ளேயே பிறக்கும். காஸ்டிக்கை வெளியிலிருந்து வாங்கி ஊற்றாமல் கலவைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கலாம்.

கணக்கு: 100 கிலோ ஸ்லாக்குக்கு 5 கிலோ சோடியம் ஆக்சைடு அளவு காரம் வேண்டும் என்று வையுங்கள். சோடா சாம்பல் சுமார் 8.5 கிலோ. அதை முழுக்கக் காஸ்டிக்காக மாற்ற ஏறக்குறைய 6 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. முழுக்க மாற்ற வேண்டியதில்லை, 2-3 கிலோ சுண்ணாம்பில் தொடங்கி நேரத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு ஏற ஏற இறுகும் நேரம் குறையும். உங்களுக்குச் சேறிலேயே சுண்ணாம்பு இலவசம், ஆனால் அளவு தெரியாத இலவசம். குவியல் முழுவதையும் பரப்பிக் கிளறிக் கலந்து, லேபில் சுண்ணாம்பு அளவை டைட்ரேட் செய்து (அமிலம் சொட்டி அளந்து) வாங்கிக்கொண்டு, குறைவதை மட்டும் சேருங்கள்.

க்யூப்_உடைப்பவள்

சார் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. சோடா சாம்பல் கலவையின் ஒருநாள் பலம் சிலிக்கேட் கலவையின் பக்கத்தில்கூட வராது. 7 நாளில் பார்த்து மனம் தளர வேண்டாம், 28-ல் பாருங்கள்.

பழைய_கொத்தனார்

எதுவானாலும் 7 நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினால் பலம் வந்துவிடும்.

க்யூப்_உடைப்பவள்

அண்ணே, இதில் மட்டும் அது வேண்டாம். பிஞ்சுப் பிளாக்கைத் தண்ணீரில் போட்டால் காரம் கசிந்து தொட்டிக்குப் போய்விடும், வேலைக்காரனே ஓடிவிட்ட மாதிரி. வெயிலில் திறந்து போட்டாலோ ஈரம் பறந்து மேல்தோல் சுருங்கும், மேலூர் அண்ணன் சொன்ன முடி விரிசல் அதுதான். மோல்டோடு பாலித்தீன் போர்த்தி, கழற்றிய பிறகும் ஒரு வாரம் மூடியே வையுங்கள். காரம் அதிகமாகப் போட்டால் மழைக்குப் பிறகு வெள்ளை உப்புப் பூக்கும். பலத்துக்குக் கேடில்லை என்றாலும் பேவர் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

சிவில்_மூன்றாமாண்டு

இதை அரசு டெண்டரில் ஏற்பார்களா? ஆஸ்திரேலியாவில் டூவூம்பா பக்கத்து வெல்கேம்ப் விமான நிலையத்தில் 2014-ல் ஸ்லாக்கும் ஃப்ளை ஆஷும் வைத்துச் சுமார் 40,000 கன மீட்டர் போட்டிருக்கிறார்களே.

க்யூப்_உடைப்பவள்

ப்ரீகாஸ்ட் (முன்பே வார்த்தெடுத்த) பொருள்களுக்குக் காரக் கான்கிரீட் வழிகாட்டி ஐஎஸ் 17452, 2020-ல் வந்தது. பேவருக்குப் பலம் கேட்பது ஐஎஸ் 15658. எழுத்தில் வழி இருக்கிறது. இன்ஜினியர் கையெழுத்துப் போடுவாரா என்பது மனுஷரைப் பொறுத்தது. கம்பி வைத்த வேலைக்கு நானே பரிந்துரைக்க மாட்டேன். இந்தக் கலவைகளில் கார்பனேஷன் (கரியமில வாயு புகுந்து காரத்தைக் குறைப்பது, அதனால் கம்பி துருப்பிடிக்கும்) சிமெண்டைவிட வேகமாக உள்ளே போவதைப் பார்க்கிறோம். கம்பியில்லாத பேவர்தான் சரியான இடம்.

கப்பலூர்_யூனிட்

ஒரு விஷயம், யாரும் சொல்லவில்லை. சிமெண்ட் கலவையை வெறுங்கையால் அள்ளிப் பழகிய சித்தாள்கள் இதையும் அள்ளுவார்கள். காஸ்டிக் தோலைக் கரைக்கும், வலி தெரிவதற்குள் புண்ணாகிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். முழங்கை வரை ரப்பர் உறை, கண்ணாடி, பக்கத்தில் குழாயில் ஓடும் தண்ணீர். கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. சோடா சாம்பலுக்கு மாறுவதில் எனக்குப் பிடித்தது இதுதான், மூட்டையைத் தைரியமாகத் தூக்கலாம். ஆனாலும் கலந்த பிறகு உள்ளே பிறப்பது அதே காஸ்டிக்தான், உறையைக் கழற்றாதீர்கள்.

பழைய_கொத்தனார்

இது சரியான பேச்சு. சுண்ணாம்பு அள்ளியே என் விரல் ரேகை போய்விட்டது.

மேலூர்_பிளாக்

சோடா சாம்பல், 30 சதவீதக் கல், குவியலைக் கலந்து காந்தம் ஓட்டியது. இப்படிப் போட்ட கலவை இப்போது அவசரப்படவில்லை, மோல்டு எல்லாவற்றையும் நிரப்பி வைப்ரேட்டரில் ஓட்டக்கூட நேரம் கிடைக்கிறது. இப்போது தலைகீழ்ப் பிரச்சினை. மறுநாள் காலையில் கழற்றினால் ஓரம் உதிர்கிறது. இரண்டு நாள் மோல்டிலேயே விட்டால் சுத்தமாக வருகிறது. 28 நாள் க்யூப் உடைக்க இன்னும் நாளிருக்கிறது. ஆனால் இரண்டு நாள் மோல்டு மாட்டிக்கொண்டால் தினசரி உற்பத்தி பாதியாகிவிடுமே?

கப்பலூர்_யூனிட்

மோல்டு இன்னொரு செட் வாங்குவது ஒரு வழி, ரப்பர் மோல்டு அவ்வளவு விலையில்லை. அதற்கு முன் பாலித்தீன் போர்த்தியதை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்திப் பாருங்கள். கலக்கும்போது எதிரியாக இருந்த சூடு, மூடி வைத்த பிறகு உங்கள் ஆள். நம் ஊர் வெயிலில் மூடிய பாலித்தீனுக்குள் 50 டிகிரிக்கு மேல் சுலபமாக ஏறும், ஈரம் வெளியே போகாமல் மட்டும் ஓரங்களை மணல் வைத்து அழுத்துங்கள்.

வைகை_வேதியியல்

அதோடு சுண்ணாம்பை அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்றுங்கள். மோல்டு நிரப்ப எத்தனை நிமிடம் வேண்டுமோ அதற்குமேல் உங்களுக்கு நேரம் தேவையில்லை. ஒவ்வொரு அளவிலும் மூன்று க்யூபாவது எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் உடைத்து முடிவு கட்டாதீர்கள்.

க்யூப்_உடைப்பவள்

எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தால் மேலே கலவை விவரத்தை எழுதி ஒட்டுங்கள் அண்ணே. போன மாதம் ஒருவர் ஒரே நிறத்தில் பதினைந்து க்யூப் இறக்கிவிட்டு, எது எது என்று என்னைக் கேட்டார்.